துலக்கனின் கல்லும் மஞ்சள் பந்தும்

கூம்புத் திட்டின் பவளப்பாறையில் துலக்கன் என்றொரு மீன் இருந்தது. ஒரு விரல் நீளம்தான் இருக்கும். நீல உடம்பில் தலைமுதல் வால்வரை ஒரு கறுப்புக் கோடு. மற்ற மீன்களின் செவுளிலும் துடுப்பிடுக்கிலும் ஒட்டிக்கொள்ளும் பேன்களைப் பொறுக்கித் தின்பது அதன் பிழைப்பு. அதற்கு வயிறு நிறையும். வந்தவர்களுக்கு அரிப்புத் தீரும்.

துலக்கனுக்கு ஒரு கல் உண்டு. கல் என்று சொன்னாலும் அது உயிருள்ள பவளம்தான். கவிழ்த்து வைத்த உருளிபோல உருண்டையாக, மேலெல்லாம் வளைந்து வளைந்து ஓடும் வரிகளோடு, திட்டின் நடுவில் இருந்தது. பேன் கடித்தால் எல்லா மீன்களும் அந்தக் கல்லுக்குத்தான் வரும். துலக்கன் கல்லின் மேல் நின்று உடம்பை மேலும் கீழும் அசைத்து ஆடும். கடை திறந்திருக்கிறது, வரலாம் என்று அதற்கு அர்த்தம். வந்த மீன் வாயைத் திறந்துகொண்டு அசையாமல் மிதந்து நிற்கும். அந்தக் கல்லருகே பெரிய மீன் சிறிய மீனைப் பிடிக்காது. யாரும் போட்ட சட்டமில்லை. அரிப்பு எல்லோருக்கும் பொது, அவ்வளவுதான்.

முன்பு அந்தக் கல்லில் இரண்டு பேர் வேலை செய்தார்கள். இடப்பக்கம் துலக்கன், வலப்பக்கம் அதன் துணை செம்பி. போன கச்சான் காற்றுப் பருவத்தில் ஒரு படகு அங்கே நங்கூரம் போட்டது. நங்கூரம் கல்லின் வலப்பக்கத்தில் விழுந்தது. பாதிக் கல் உடைந்து சரிந்தது. செம்பி அதற்கடியில் போய்விட்டது.

மறுநாள் காலையில் வந்த மீன்கள், கடை இருக்குமோ இருக்காதோ என்று தள்ளியே நின்றன. துலக்கன் மீதிக் கல்லின் மேல் ஏறி ஆடியது. அன்றிலிருந்து இரண்டு பக்கத்தையும் அதுவே பார்த்துக்கொண்டது. இடப்பக்கம் முடித்து வலப்பக்கம் போகும்போது மட்டும் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகும்.

நங்கூரங்கள் அதோடு நிற்கவில்லை. தூண்டில்காரர்கள் வந்தார்கள். பவளம் பார்க்க ஆள் ஏற்றிவரும் படகுகள் வந்தன. வந்தவர்கள் எல்லோரும் இரும்பைத் தூக்கிப் போட்டார்கள். இன்னும் ஒரே ஒரு நங்கூரம் குறி தவறாமல் விழுந்தால் கல் இருக்காது. கல் இல்லையென்றால் எந்த மீனுக்கும் எங்கே வருவதென்று தெரியாது. செம்பி கிடக்கும் இடமும் தெரியாமல் போய்விடும். படகு நிழல் தலைக்கு மேலே வரும்போதெல்லாம் துலக்கன் வேலையை நிறுத்தி அண்ணாந்து பார்க்கும். நிழல் நகர்ந்த பிறகுதான் அடுத்த பேனைப் பொறுக்கும்.

ஒருநாள் பொன்னாச்சி என்ற கடலாமை கழுத்து மடிப்பைச் சுத்தம் செய்துகொள்ள வந்தது. பொன்னாச்சிக்கு நாலு திட்டுக்கும் போக்குவரத்து உண்டு. மூச்சுவிட மேலே போகும்போது படகுகளில் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டு வரும். கேட்டதை உள்ளே வைத்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் அதற்குக் கிடையாது.

கிழக்குத் திட்டில் இப்போது நங்கூரமே விழுவதில்லை என்று அது சொன்னது. கறுப்பு ரப்பர் சட்டை போட்ட இரண்டு பெண்கள் அங்கே முக்குளித்து வந்தார்களாம். ஒருத்தி பாறைமேல் நீளமாக ஒரு நாடாவை விரித்தாளாம். இன்னொருத்தி அதன் மேலேயே நீந்திப் போய், கண்ணில் பட்ட மீன்களை எல்லாம் எண்ணி, பலகையில் பென்சிலால் எழுதினாளாம். அப்புறம் கொஞ்ச நாளில் ஒரு படகு வந்து மணலில் சிமெண்டுக் கட்டை ஒன்றை இறக்கியது. கட்டையில் கயிறு, கயிற்றின் மேல்முனையில் ஒரு மஞ்சள் பந்து. இப்போது வருகிற படகெல்லாம் அந்தப் பந்தில் கட்டிக்கொள்கிறதாம். இரும்பு கீழே வருவதில்லை.

துலக்கன் பேனை விட்டுவிட்டு ஆமையின் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

"எங்களுக்கும் ஒரு பந்து கிடைக்குமாக்கா?"

"ஒன்னுதான் மிச்சம் இருக்காம். உங்க திட்டா, தெற்குத் திட்டான்னு பார்க்கப் போறாங்க. எங்க மீனெல்லாம் நல்லா இருக்கோ அங்க கட்டுவாங்களாம். இன்னும் மூணு நாள்ல இங்க வர்றாங்க. நீ ஏன் நிறுத்திட்ட? கழுத்துக்குக் கீழே ஒன்னு கடிச்சிக்கிட்டே இருக்கு பாரு."

செய்தி திட்டு முழுக்கப் பரவியது. மாலைக்குள் எல்லா மீன்களும் பெரிய பாறையருகே கூடிவிட்டன. கூட்டத்தை நடத்தியது மதியன் என்ற கிளாத்தி மீன். மதியன் பேச்சில் கெட்டி. பேச்சைக் கேட்டுப் பாதிப் பேர் ஒத்துக்கொள்வார்கள். அதன் பல்லைப் பார்த்து மீதிப் பேர் ஒத்துக்கொள்வார்கள்.

"எண்ணத்தான வர்றாங்க? எண்ணட்டும்" என்றது மதியன். "வரிமீன் கூட்டத்துல எத்தன பேர் இருக்கீங்க? நூறா? அவ முன்னால நூறு பேரும் போங்க. போயி, பாறைக்குப் பின்னால சுத்தி, திரும்பவும் முன்னால வாங்க. மூணு சுத்து வந்தா முந்நூறு. எழுதி எழுதி அவ கை வலிக்கணும்."

வரிமீன்களுக்குச் சிரிப்பு வந்தது. அவற்றுக்கு ஓட்டம் பிடிக்கும்.

அடுத்து மதியன் யார் யார் தெரிய வேண்டும், யார் யார் தெரியக்கூடாது என்று பிரித்தது. பச்சையும் சிவப்புமாக மினுங்கும் கிளிமீன்கள் முன்னால் நிற்க வேண்டும். மணலில் குழி பறித்து வாழும் பொடி மீன்கள் குழியை விட்டு வெளியே தலைகாட்டக் கூடாது. துடுப்புக் கிழிந்ததும் நிறம் மங்கியதும் பாறைக்கடியில் போய்விட வேண்டும். நவரை மீன் ஒன்றின் வாலை எப்போதோ எதுவோ கடித்திருந்தது. அது யாரும் சொல்லாமலே பின்வரிசைக்குப் போயிற்று.

கடைசியில் மதியன் துலக்கனைப் பார்த்தது.

"என்ன வே துலக்கா, நீ இன்னைக்கே கடையைச் சாத்திரு."

"நான் எதுக்கு?"

"பேன் பொறுக்குற ஆளு நடுத்திட்டுல நின்னா இங்க பேன் இருக்குன்னு அவளுக்குத் தெரியாதா? பேன் பிடிச்ச திட்டுக்கு யாரு வே பந்து கட்டுவா? மானம் போயிரும்."

எல்லோரும் அது சரிதான் என்றார்கள். நேற்றுவரை வாயைத் திறந்துகொண்டு வரிசையில் நின்றவர்களும் சொன்னார்கள். வருகிற பெண்கள் எப்படித்தான் எண்ணுகிறார்கள் என்று பொன்னாச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்ளலாமே என்று துலக்கன் மெதுவாகச் சொல்லிப் பார்த்தது. எண்ணுவதில் கேட்க என்ன இருக்கிறது என்று மதியன் சிரித்தது. துலக்கன் அதற்குமேல் வாதாடவில்லை. கல்லுக்காக நாலு நாள் பட்டினி கிடப்பது பெரிய காரியமில்லை என்று நினைத்தது. உடைந்து சரிந்த துண்டின் அடியில் ஒரு சந்து இருந்தது. அதற்குள் போய் ஒடுங்கிக்கொண்டது.

பெரிய களவா மீன் மட்டும் கூட்டத்துக்கே வரவில்லை. அதன் பெயர் வீரபாகு. ஓர் ஆள் நீளம் இருக்கும். ஒரு காலத்தில் பெயருக்கு ஏற்றபடிதான் இருந்தது. பிறகு யாரோ ஒரு மனிதன் ஈட்டியோடு முக்குளித்து வந்து அதன் விலாவில் குத்திவிட்டான். உயிர் பிழைத்தது, தழும்பு இருக்கிறது. அன்றிலிருந்து தண்ணீரில் மனிதக் கால் தெரிந்தால் வீரபாகு குகையை விட்டு வெளியே வராது. கேட்டால் செரிமானம் சரியில்லை என்று சொல்லும்.

மூன்றாம் நாள் காலையில் படகு வந்தது. அது மணல்பக்கம் பார்த்து மெல்ல நங்கூரத்தை இறக்கியது. அதைத் துலக்கன் சந்துக்குள் இருந்து கவனித்தது. இரும்பைப் பார்த்து இறக்குகிறவர்களும் உண்டு என்று அன்றுதான் அதற்குத் தெரிந்தது.

இரண்டு பெண்கள் இறங்கினார்கள். ஒருத்தி நாடாவின் நுனியைப் பாறையில் செருகி, விரித்துக்கொண்டே போனாள். மீன்கள் அவளுக்கு நாடாக்காரி என்று பெயர் வைத்தன. மற்றவள் கையில் வெள்ளைப் பலகை. நூலில் கட்டிய பென்சில். அவள் எழுத்துக்காரி. நாடாவை விரித்து முடித்ததும் இருவரும் தள்ளிப் போய், தண்ணீரில் கை கட்டிக்கொண்டு சும்மா நின்றார்கள்.

"இப்போ!" என்றது மதியன்.

வரிமீன்கள் நாடாவின் மேல் பாய்ந்தன. ஒரு சுற்று. பாறைக்குப் பின்னால் வளைந்து இரண்டாம் சுற்று. மூன்றாம் சுற்று. கிளிமீன்கள் மேய்ச்சலை விட்டுவிட்டு வரிசையாக நின்று பக்கவாட்டைக் காட்டின. எழுத்துக்காரி எழுதவே இல்லை. பலகையைக்கூடத் தூக்கவில்லை. அவர்கள் பாட்டுக்கு நின்றார்கள். நாலாவது சுற்று, ஐந்தாவது சுற்று. வரிமீன்களுக்கு மூச்சு வாங்கியது. கிளிமீன்களுக்குப் பசித்தது. நெடுநேரம் கழித்து அவள் பலகையை எடுத்துக்கொண்டு நாடாவின் நுனிக்கு வந்தபோது, வரிமீன்கள் பாறைக்குப் பின்னால் களைத்துக் கிடந்தன.

மதியன் போய் வாலைக் கடித்து விரட்டியது. அவை அவசர அவசரமாகக் கிளம்பி, அவள் முதுகுக்குப் பின்னால் வந்து சேர்ந்தன. பின்னாலிருந்து பாய்ந்து அவளை முந்திக்கொண்டு போயின. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முந்திப் போனவற்றை எழுதவும் இல்லை. ஒரே சீராக முன்னால் போய்க்கொண்டே இருந்தாள்.

துலக்கன் எல்லாவற்றையும் சந்துக்குள் இருந்தே பார்த்தது. வேலை இல்லாதவனுக்குப் பார்க்க நேரம் இருக்கும். எழுத்துக்காரியின் கண் நாடாவுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம், அதைத் தாண்டிப் போவதில்லை. தனக்கு முன்னால் இருப்பவர்களை மட்டும் எழுதுகிறாள். பின்னாலிருந்து வருகிறவர்கள் கணக்கில் இல்லை. முதலில் தள்ளி நின்று காத்திருந்ததும், மீன்கள் தம் வேலைக்குத் திரும்பட்டும் என்றுதான் போலிருக்கிறது. இன்னொன்றும் அது கவனித்தது. ஓடிக் காட்டியவர்களை விட்டுவிட்டு அவள் ஒரு மணல் குழியருகே குனிந்து நின்றாள். குழியில், தலைகாட்டக் கூடாத பொடி மீன் ஒன்று ஒளிய மறந்து மணலை வாயால் அள்ளி வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துப் பார்த்து எழுதினாள்.

மத்தியானம் இரண்டாவது நாடா. முதல் தடவை வேகம் போதவில்லை என்பது மதியனின் தீர்ப்பு. இந்த முறை எல்லோரும் ஒரே நேரத்தில், இரண்டு மடங்கு வேகத்தில் ஓட வேண்டும் என்றது. ஓடினார்கள். திட்டே கலங்கியது. அத்தனை மீன் ஒன்றாகப் பதறி ஓடினால் அந்தச் சலனம் தூரத்துக்குத் தெரியும். ஆழ்கடல் பக்கத்திலிருந்து சீலா மீன்கள் ஆறு வந்தன. நீட்டிய தாடையும் ஊசிப்பல்லுமாக அவை நாடாவின் மேலே வந்து நின்றதும், மறுநிமிடம் பாறையில் ஒரு மீன் இல்லை. எல்லாம் பொந்துக்குள். எழுத்துக்காரி நாடாவின் கடைசிவரை நீந்திப் போனாள். ஆறு சீலாவை எழுதிய பிறகு பென்சில் நூலில் தொங்கிக்கொண்டே போயிற்று.

பொன்னாச்சி மூச்சுவிடப் போய்விட்டு வந்து செய்தி சொன்னது. மதியனைப் பார்க்காமல் துலக்கனைப் பார்த்துச் சொன்னது.

"படகுல பேசிக்கிட்டாங்கப்பா. முதல் நாடாவுல கொஞ்சம், ரெண்டாவதுல ஆறு சீலாவாம். தெற்குத் திட்டுல இதைவிட நல்லா இருந்துச்சாம். நாளைக்குக் காலையில கடைசி நாடா. அதுவும் இப்படித்தான்னா பந்து தெற்குக்குத்தான்."

"தெற்குத் திட்டுக்காரங்க எத்தனை சுத்து ஓடினாங்க?" என்று ஒரு வரிமீன் கேட்டது.

"அவங்களுக்கு யாரும் ஒன்னும் சொல்லல. அவங்க பாட்டுக்கு மேஞ்சிக்கிட்டு இருந்தாங்க."

அப்போதுதான் திட்டு முழுக்க ஒரு சத்தம் கேட்டது. மீன்கள் பாறையில் உடம்பைத் தேய்க்கும் சத்தம். மூன்று நாளாகக் கல் மூடிக் கிடந்ததால் எல்லோருக்கும் பேன் ஏறிவிட்டது. கிளிமீன்கள் செவுளைப் பவளத்தில் உரசி உரசிப் புண்ணாக்கி வைத்திருந்தன. மதியனே பேசிக்கொண்டு பேசிக்கொண்டு தாடையைப் பாறையில் தேய்த்துக்கொண்டிருந்தது.

மதியனிடம் அப்போதும் ஒரு யோசனை இருந்தது. நாளைக்கு யாரும் ஓட வேண்டாம், எல்லோரும் நாடாவையே வாயால் கவ்விக்கொண்டு நிற்கலாம் என்றது. சிலர் அதற்கும் தலையாட்டினார்கள்.

துலக்கன் சந்தை விட்டு வெளியே வந்தது.

"நான் நாளைக்குக் கடை திறக்குறேன்" என்றது.

"உனக்கென்ன பைத்தியமா? பேன் விஷயம் வெளிய வந்துரும்."

"வரட்டும். எங்க கல்லுல இவ்வளவு நாளா நான் செஞ்ச வேலை அது. அதை மறைச்சு வாங்குற பந்து எனக்கு வேண்டாம். போறதா இருந்தா கல் போகட்டும். ஆனா நான் மேல நிக்கும்போது போகட்டும்."

மதியன் ஏதோ சொல்ல வாயெடுத்தது. துலக்கன் அதற்குள் திரும்பிப் போய்விட்டது.

மறுநாள் காலையில் நாடாக்காரி நாடாவை விரித்துக்கொண்டே வந்தாள். அது நேராகக் கல்லை உரசிக்கொண்டு போயிற்று. பிறகு இருவரும் வழக்கம்போலத் தள்ளிப் போய்ச் சும்மா நின்றார்கள். துலக்கன் கல்லின் உச்சியில் ஏறி ஆடத் தொடங்கியது.

யாரும் வரவில்லை. பொந்துகளில் இருந்து கண்கள் மட்டும் தெரிந்தன. ஒரு விரல் நீள மீன் தனியாக வெட்டவெளியில் ஆடிக்கொண்டிருந்தது. மதியன் ஒரு பிளவிலிருந்து எட்டிப் பார்த்து, உள்ளே வந்து தொலை என்று அடிக்குரலில் திட்டியது. துலக்கனுக்கு நாலு நாள் பசி இருந்தது. ஆட்டத்தை நிறுத்தவில்லை. செம்பி இருந்தால் இந்நேரம் வலப்பக்கத்தில் ஆடும் என்று நினைத்தது. வலப்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் ஆடியது. மறுபடி இடப்பக்கம் வந்தது.

முதலில் வந்தது வால் கடிபட்ட நவரை. அது யாரையும் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு வந்தது.

"அண்ணே, என்னால முடியல. செவுளுக்குள்ள ரெண்டு இருக்கு. பந்து போனா போகட்டும்" என்றது.

துலக்கன் இரண்டையும் எடுத்தது. நவரை கண்ணை மூடிக்கொண்டு அப்படியே மிதந்தது. அதன் முகத்தில் இருந்த நிம்மதியைப் பொந்துகளில் இருந்தவர்கள் பார்த்தார்கள். அதற்குமேல் யாராலும் பொறுக்க முடியவில்லை. ஒரு கிளிமீன் வந்தது. அதன் பின்னால் மூன்று. வரிமீன்கள் வந்தன. தாடி வைத்தவை, மூக்கு நீண்டவை, நிறம் மங்கியவை, துடுப்புக் கிழிந்தவை எல்லாம் வந்தன. கல்லைச் சுற்றி வரிசை நின்றது. முறை வராதவர்கள் பக்கத்திலேயே மேய்ந்தார்கள். கிளிமீன்கள் பாறையைச் சுரண்டித் தின்னும் கறகற சத்தம் மறுபடி கேட்டது. பொடி மீன்கள் குழியில் இருந்து மணலைக் கொட்டின. நாடா அங்கே இருப்பதையே பாதிப் பேர் மறந்துவிட்டார்கள்.

எழுத்துக்காரி பலகையை எடுத்தாள். நாடாவின் நுனியில் இருந்து மெல்ல வரத் தொடங்கினாள். அவள் பென்சில் நிற்காமல் அசைந்தது.

அப்போது குகை வாசலில் வீரபாகு தலையை நீட்டியது. அதற்குத்தான் பேன் அதிகம், பெரிய உடம்பு. அது வரிசையைப் பார்த்தது. வருகிற மனிதக் கால்களைப் பார்த்தது. தலையை உள்ளே இழுத்தது. மறுபடி நீட்டியது.

துலக்கன் செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டுக் குகை வாசலுக்குப் போயிற்று.

"வாங்க பெரியவரே."

"அவ கையில என்ன? கூரா இருக்கே."

"எழுதுற குச்சி. மூணு நாடாவாப் பாக்குறேன், யாரையும் குத்தல."

"ஒருத்தன் குத்தினான்ல?"

துலக்கன் விலாவில் இருந்த தழும்பைப் பார்த்தது. இல்லை என்று சொல்ல முடியாது. என் கல்லையும் ஒருத்தன் உடைத்தான் என்று சொல்ல நினைத்தது, சொல்லவில்லை.

"குத்தினான்" என்றது. "இன்னைக்கு அப்படி ஒன்னு வந்தா நான் உங்க வாய்க்குள்ளதான் இருப்பேன். நீங்க பயந்து வாயை மூடினா முதல்ல சாகுறது நான். சரிதானா? வாங்க."

வீரபாகு குகையை விட்டு வெளியே வந்தது. அதைக் கண்டு வரிசை விலகி வழிவிட்டது. கல்லருகே வந்து அது வாயைத் திறந்தது. குகை வாசலைப் போல அகன்ற வாய். துலக்கன் உள்ளே போயிற்று.

உள்ளே இருட்டு. நாக்கின் அடியிலும் செவுள் கீற்றுகளிலும் பேன் அப்பிக் கிடந்தது. துலக்கன் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தது. வெளியே குமிழிச் சத்தம் நெருங்கி வந்தது. எழுத்துக்காரியின் நிழல் வாயின் விளிம்பில் விழுந்தது. துலக்கனின் தலைக்கு மேலே பற்கள் மெல்ல மெல்லக் கீழே இறங்கின. வாசல் பாதியாயிற்று. கால்வாசியாயிற்று. இன்னும் கொஞ்சம் இறங்கினால் வெளியே போக வழி இல்லை. துலக்கன் வாசலைப் பார்த்தது; இப்போதே ஓடிவிடலாம். ஓடவில்லை. உள்பக்கம் திரும்பி அடுத்த பேனைக் கிள்ளியது. அடுத்தது. அடுத்தது.

அந்தச் சின்னக் கிள்ளல்களை வீரபாகு உணர்ந்தது. உள்ளே இருப்பவன் ஓடவில்லை என்று அதற்குத் தெரிந்தது. இறங்கிய தாடை நின்றது. பிறகு மெல்லத் திறந்தது. முன்பைவிட அகலமாகத் திறந்தது.

துலக்கன் வெளியே வந்தபோது எழுத்துக்காரி கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் கண்ணாடிக்குள் கண்கள் பெரிதாக இருந்தன. வீரபாகுவைப் பார்த்தாள், வரிசையைப் பார்த்தாள், உடைந்த கல்லைப் பார்த்தாள், கடைசியாகத் துலக்கனைப் பார்த்தாள். பலகையின் இந்தப் பக்கம் நிறைந்துவிட்டது. திருப்பிப் பிடித்து எழுதினாள்.

அவர்கள் போன பிறகு பல நாள் ஒரு செய்தியும் இல்லை. பொன்னாச்சியையும் காணவில்லை. துலக்கன் தினமும் கடை திறந்தது. ஒருநாள் ஒரு படகின் நங்கூரம் கல்லுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்து, மணலைக் கிளப்பிவிட்டுப் போயிற்று. வரிசையில் நின்றவை சிதறி ஓடின. மணல் அடங்கியதும் துலக்கன் கல்லின் மேல் ஏறி ஆடியது. ஓடியவை திரும்பி வந்தன.

பிறகு ஒரு காலையில் பெரிய படகு ஒன்று வந்தது. நாடாக்காரியும் எழுத்துக்காரியும் கூடவே குதித்தார்கள். பாறையை ஒட்டிய வெறும் மணலில், ஒரு பவளத்திலும் படாமல், சிமெண்டுக் கட்டையைப் பார்த்துப் பார்த்து இறக்கினார்கள். கயிறு மேலே போயிற்று. கயிற்றின் முனையில் மஞ்சள் பந்து மிதந்தது. அன்று மாலையே ஒரு தூண்டில் படகு வந்து அதில் கட்டிக்கொண்டது. அதன் நிழல் கல்லின் மேல் விழுந்தது. துலக்கன் பழக்கத்தில் அண்ணாந்து பார்த்தது. இரும்பு வரவில்லை.

பொன்னாச்சி மூச்சு வாங்க வந்து சேர்ந்தது. படகில் பேசியதைச் சொல்லாமல் அதற்கு நிற்க முடியவில்லை. தெற்குத் திட்டில் எண்ணிக்கை இதைவிடக் கூடத்தானாம். ஆனால் எழுத்துக்காரி விடவில்லையாம். கூம்புத் திட்டில் பேன் பொறுக்கும் மீனின் கல் ஒன்று இருக்கிறது, திட்டில் உள்ள அத்தனை மீனும் அதற்கு வருகிறது, அந்தக் கல் போனால் மீன்களும் ஒவ்வொன்றாகப் போய்விடும், அதனால் பந்து முதலில் அங்கேதான் என்று அடித்துப் பேசினாளாம். தெற்குத் திட்டுக்கு இன்னொரு பந்து கேட்டு எழுதியிருக்கிறாளாம்.

"எல்லாம் நம்ம ஓட்டத்தப் பாத்துத்தான்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மதியன்தான். வரிசையில் கடைசியில் நின்றிருந்தது. "முதல் நாள் நாங்க ஓடலைன்னா அவ மறுநாள் கண்ணைத் திறந்து பாத்திருக்கவே மாட்டா."

வரிசை முழுக்கச் சிரித்தது. வீரபாகு சிரித்ததில் கல்லே அதிர்ந்தது.

துலக்கன் மட்டும் சிரிக்கவில்லை. மதியனின் முறை வந்ததும் அதன் தாடையைப் பார்த்தது. பாறையில் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்து போயிருந்தது.

"வாயைத் திற மச்சான்" என்றது. "பேசாம இரு. பேசினா பேன் தப்பிச்சிரும்."

இடப்பக்கத்தை முடித்தது. வலப்பக்கம் போகும் முன் கொஞ்சம் நின்றது. உடைந்த இடத்தின் ஓரத்தில், விரல்நகம் அளவுக்குப் புதிய பவளம் இளம்பச்சையாக முளைத்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தது.

இல்லாததைக் காட்டி ஓடுபவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பயத்திலும் தம் இடத்தில் நின்று தம் வேலையைச் செய்கிறவரே தம்மையும் காத்து, தம்மோடு இருப்பவர்களையும் காக்கிறார்.